என் ஓரகத்திக்கு வெருகு என்று பெயர் வந்த கதை

என் ஓரகத்தி கோபக்காரி, அதனால்தான் அவளை வெருகு என்று கூப்பிடுகிறார்கள் என்று என் மருமகன்கள் சொல்லித் திரிகிறார்கள். தப்பு. கோபம் உண்டுதான், பெயர் வந்தது அதனால் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

வெருகு என்றால் காட்டுப்பூனை. ஆளைக் கண்டு வெருண்டு ஓடுவதால் வந்த பெயராக இருக்கும் என்பது என் எண்ணம். படித்தவர்கள் வேறு சொன்னாலும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் மாவு மில்லில் வேலை பார்த்தோம். நான் மாவு சலிப்பேன். அவள் கோணி ஊசியால் மூட்டை வாயைத் தைப்பாள். ஒரு நாள் காலையில் கிடங்கு மூலையில், மூட்டைகளுக்கு நடுவே குட்டிகள் கிடந்தன. சுமைகாரர்கள் வீட்டுப்பூனைக் குட்டி என்று நினைத்து, கிண்ணத்தில் பால் வைத்துச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைமேல் தாய் நின்றது. நீளக் கால், காது நுனியில் கறுப்பு மயிர். ஆட்களைப் பார்த்து உள்ளே வரவில்லை.

ஓரகத்தி எல்லாரையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்த மூட்டைகளை ஏற்றத்தான் லாரி வந்து நின்றது. பின்னாலேயே முதலாளி.

“ஒரு பூனைக்காக லாரி காத்துக் கிடக்கணுமா?”

“பூனை இல்ல முதலாளி, வெருகு. பூனைன்னா கூப்பிட்டதும் மடியில ஏறிக்கும். இது நம்ம மூஞ்சியப் பாத்தா குட்டியக்கூட விட்டுட்டுப் போயிடும்.”

“என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?”

“அத வீட்டுல அம்மாகிட்ட கேளுங்க.”

சுமைகாரர்கள் சிரித்துத் தொலைத்தார்கள். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “எந்திரி. இல்லன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத.”

படுக்கையில் கிடந்த என் கொழுந்தனுக்கு அவள் சம்பளத்தில்தான் மருந்து. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“சும்மா இருங்கக்கா,” என்றவள் முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். “வராட்டி போறேன். இப்ப கதவ மட்டும் திறக்காதீங்க.”

அவர் வாய் திறப்பதற்குள் கூரைத் தகரம் லேசாக முனகியது. கதவிடுக்கில் பார்த்தோம். உள்ளே இறங்கியிருந்த தாய், ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியே தாவி, மதிலுக்கு அப்பால் மறைந்தது. திரும்பி வந்து இன்னொன்றையும் தூக்கிப் போனது. லாரிக்காரர் ஹாரனில் கை வைத்தார்.

“கைய எடுய்யா!” என்று சத்தம் வராமல் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? முதலாளிதான். வந்து ஓரகத்தி பக்கத்தில் குந்திக்கொண்டு, “இன்னும் எத்தனை?” என்று காதோடு கேட்டார்.

“ஒண்ணு.”

அதுவும் போன பிறகுதான் அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஏ வெருகு, போய் ஊசிய எடு. அடுத்த லோடு என்ன, தானா தைச்சுக்குமா?”

“இதோ முதலாளி,” என்று அவள் உள்ளே ஓடினாள்.