யாரோ எழுதிய மூன்றாம் சரணம்

கிளிஃபர்ட் கிழவர் இனிச் செவ்வாய்க்கிழமைப் பாட்டுக்கு வரமாட்டாராம் என்ற சேதி, மூன்று வாய் மாறித் தெல்மாவிடம் வந்து சேர்ந்தது. விட்பி ஊர் மீன்கடையில் யாரோ சொல்லி, மேவிஸ் கேட்டு, தெல்மா வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டாள். மதுக்கடை மாடியில் அந்தப் பாட்டுக் கூட்டத்தை நடத்துபவள் அவள்தான்.

"உன் இசைத்தட்டுதான் காரணமாம். அந்தப் பாட்ட நீ அநாதையாக்கிட்டேன்னு சொல்றாராம்."

தெல்மா ஈரப் படுக்கைவிரிப்பை இறக்கி வைத்தாள். இருபத்தெட்டு வருடமாக அதே விரிப்புகள், அதே நீராவி, அதே இடுப்புவலி. ஐம்பத்து மூன்று வயதில் முதல் இசைத்தட்டு வரப்போகிறது: பன்னிரண்டு பழைய ஆங்கிலப் பாட்டுகள், விடுமுறைச் சனிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் பாடிப் பதிந்தவை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் போயிருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பாட்டை, அவர் இருக்கும்வரை இன்னொருவர் தொடமாட்டார். கடலோடியின் மனைவி பாடுவதாக வரும் அந்தப் பாட்டு முப்பது வருடமாகக் கிளிஃபர்டுடையது. தொண்டை போனபோது அவராகவே, எல்லோர் முன்னாலும், "இனி நீயே பாடு புள்ள" என்று அவளிடம் கொடுத்தார். அதனால் பாடியதில் குற்றமில்லை.

"தட்டு அட்டையில என்ன போட்ட?" என்றாள் மேவிஸ்.

"எல்லாத்துக்கும் போட்டதுதான். மரபுப் பாட்டு, எழுதினவர் தெரியாதுன்னு."

"மூணாவது சரணம் அவரு எழுதினதுடி. தம்பி எர்னி படகோட மூழ்கிப் போனப்ப."

கரையில் காயும் கம்பளிச் சட்டையைப் பற்றிய அந்த நான்கு வரிகளைத்தான் தெல்மா எப்போதும் கண்ணை மூடிப் பாடுவாள். இருநூறு வருடப் பழசு என்று நினைத்திருந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்டதான் சொன்னாரு? நேத்து மீன்கடையில வாய விட்டதுதான். நாம அதப் பழசுன்னே பாடினோம், அது அவருக்குப் பிடிச்சுப்போச்சு போல. மதுக்கடைச் சுவத்துல உன் மாதிரி அட்டைய ஒட்டுனோம்ல, அதுல எழுதினவர் தெரியாதுன்னு அச்சுல பாத்ததும் தாங்கல."

இசைத்தட்டு அச்சடிப்பவர்கள், அட்டையில் கடைசித் திருத்தத்துக்கு இன்று நாலு மணிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் தகவல் வராவிட்டால் அட்டை இருக்கிறபடியே அச்சாகிவிடும். பாட்டையே நீக்கிவிடலாம், நீக்கினால் தட்டில் உயிர் இருக்காது. அவர் பெயரைப் போடலாம். முப்பது வருடம் மறைத்தவரின் பெயரைக் கேட்காமல் எப்படிப் போடுவது? ஒருவேளை எர்னி பெயர்தான் வேண்டுமோ என்னவோ.

மணி மூன்றரை. நடைக்கூடத்துச் சுவர்த் தொலைபேசியில் காசு போட்டுக் கிளிஃபர்டின் எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடித்தது.

"தூங்குவாரோ என்னமோ," என்றாள் மேவிஸ்.

"ஃபோன் பக்கத்து நாற்காலியிலதான் நாள் முழுக்க உக்காந்திருப்பாரு. காதும் நல்லாத்தான் கேக்கும்."

உள்ளே சலவை இயந்திரம் ஒன்று ஓய்ந்தது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். தெல்மா சுவரில் சாய்ந்து, வலிக்கும் காலை மாற்றி ஊன்றிக்கொண்டாள். ஃபோனை வைக்கவில்லை. கிளிஃபர்ட் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.