ஜார்ஜியாருக்கு நாலு நாள் லீவு

ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி. துபாய் ஜெபல் அலியில் எங்கள் கிடங்கு அலுவலகத்தின் பேன்ட்ரி மேஜையில் இரண்டு டஜன் கப் கேக். ஒவ்வொன்றின் தலையிலும் பல் குத்தும் குச்சியில் ஒரு கொடி... வெள்ளையில் சிவப்புச் சிலுவை.

மேனேஜர் கிரெக் இங்கிலாந்துக்காரர். அவர் நாட்டின் காவல் புனிதரான ஜார்ஜுக்கு அன்று திருநாளாம்.

"உங்க ஊர்ல பெரிய விழாவா?" என்று கேட்டேன்.

"லீவு கூடக் கிடையாது. கொடியைப் பார்த்தால்தான் பலருக்கு ஞாபகமே வரும்" என்று சிரித்தார்.

சுங்க வேலைகளைப் பார்க்கும் லெபனான்காரர் இலியாஸ் விடவில்லை. அவருடைய மலைக் கிராமத்தில் அன்று ஆட்டுக்கறிச் சாப்பாடு ஊருக்கே போடுவார்களாம். பக்கத்து ஊர் முஸ்லிம்களும் வருவார்களாம். ஜார்ஜியா நாட்டிலோ இந்தப் புனிதருக்கு அரசு விடுமுறையே உண்டாம். ஒரே புனிதர்... நாட்டுக்கு நாடு எத்தனை விதமான மரியாதை பாருங்கள்!

இரண்டாவது கேக்கை எடுக்கும்போதுதான் சுருக்கென்றது. அதே புனிதரின் பெயரைச் சொல்லி வந்த ஒரு விண்ணப்பம் என் டிராயரில் ஒரு வாரமாகக் கிடந்தது. லீவு படிவங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் வேலை.

முருகேசன் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஊர் சங்கரன்கோவில் பக்கம். போன வருடம் அவருடைய மகளைக் காட்டு வேலியோரம் பாம்பு கடித்துவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. இவர் இங்கே தொழிலாளர் கேம்ப்பில் உட்கார்ந்தபடி, பாம்புக்கடியிலிருந்து காப்பவர் என்று பேர்பெற்ற கேரளத்து எடத்துவா தேவாலய ஜார்ஜியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தாள். அங்கே மே முதல் வாரம் நடக்கும் திருவிழாவில் மகளோடு வெறுங்காலில் ஊர்வலம் போய், வெள்ளியில் ஒரு பாம்பு உருவம் செலுத்த வேண்டும்.

"நீங்க முருக பக்தராச்சே?" என்று கேட்டேன்.

"பாம்பு மதம் பாத்தா சார் கடிச்சுது?"

ஆனாலும் ஆபீஸ் புத்தி விடுமா? வேலை நெருக்கடியான மாதம். அவசரம் என்றால் மட்டுமே லீவு. படிவத்தில் 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள் — மரணம், நோய், விபத்து, இயற்கைப் பேரிடர். நேர்த்திக்கடனுக்குக் கட்டம் இல்லை. "பேசாம மகளுக்கு உடம்பு சரியில்லைன்னு டிக் பண்ணுங்க" என்றேன். நல்லது செய்வதாக நினைப்பு!

அவர் முகம் சிறுத்துவிட்டது.

"புள்ள பொழச்சதுக்குக் கும்பிடப் போறேன் சார். அதுக்குப் போயி, அவளுக்கு மேலுக்கு முடியலன்னு எங் கையால எழுதச் சொல்லுதீயளே?"

எந்தக் கட்டத்தையும் தொடாமல் படிவத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் அதை டிராயரில் போட்டுவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். கெட்டது நடந்தால் லீவு தருகிறோம். நடக்கவிருந்த கெட்டது நடக்காமல் போனால்...? நன்றி சொல்ல ஒரு கட்டம் கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கேக்கை வைத்துவிட்டு முருகேசனை அழைத்து வந்து கிரெக் முன்னால் நிறுத்தினேன். விஷயத்தை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், முருகேசன் தன் அடையாள அட்டை உறைக்குள்ளிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டினார். குதிரை, ஈட்டி, காலடியில் பாம்பு.

கிரெக் அதை வாங்கிப் பார்த்தார். "எங்கள் படத்தில் இது டிராகன்" என்றார். பிறகு, "மகளுக்கு என்ன வயது?"

"ஒம்பது சார்."

"நாலு நாள். அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூட இல்லை."

கையெழுத்துப் போட்டார். நான்கு கட்டங்களுக்கும் கீழே 'செயின்ட் ஜார்ஜ்' என்று அவரே எழுதினார்.

போன வாரம் முருகேசன் திரும்பி வந்தார். பாதத்தில் கொப்புளம், கையில் திருவிழாக் கடையில் வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலம். துபாய்க்குப் பேரீச்சம்பழம்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் கேலி பேச மனம் வரவில்லை.

"பொண்ணு நல்லா நடந்தாளா?"

"எங்க நடந்தா? எனக்கு முன்னால ஓடுதா சார்."

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஒங்களுக்கும் ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வச்சேன் சார்."

"எனக்கா? எதுக்கு?"

"பொய் எழுதச் சொன்னீயள்லா..."