பல்கர் வரிசையில் ஒரு வளைகாப்பு

போன ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. தாம்பரம் தாண்டி வண்டலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் ப்ளாண்ட்டில் நடந்தது இது. சிவில் இன்ஜினியரிங் முடித்த கையோடு அங்கே ஆய்வுக்கூடத்தில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்திருந்தேன். சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வந்து, வண்டி ஹெல்மெட்டைக் கழற்றி வேலை ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வேன். அப்புறம் சாயங்காலம் வரை கால் ஓரிடத்தில் நிற்காது. "இந்தப் பொண்ணு காலுல சக்கரம் கட்டிக்கினு வந்திருக்கு" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அரியலூர்ப் பக்கமிருந்து சிமெண்டை மூட்டை கட்டாமல், தூளாகவே பெரிய தொட்டியில் ஏற்றி வரும் லாரிக்குப் பல்கர் என்று பெயர். வந்ததும் ஓஸ் மாட்டி, கம்ப்ரஸரை ஓட்டி, காற்றின் வேகத்திலேயே சிமெண்டை மேலே சைலோவுக்கு ஏற்றிவிடுவார்கள். சைலோ என்பது எங்கள் ப்ளாண்ட்டின் குதிர். கான்கிரீட் போகப் போகக் குதிர் குறையும், அடுத்த பல்கர் இறக்கும். குதிர் நிறைந்திருந்தால் காத்து நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்குக் குதிர் நிறைந்திருந்தது. முந்தின ராத்திரி மழையில் கீழ்க்கட்டளை சைட்டில் அஸ்திவாரக் குழி முழுக்கத் தண்ணீர். கான்கிரீட் நின்றுபோய்விட்டது. கேட்டுக்குள்ளே பல்கர்கள் வரிசையாக நின்றன.

ஒவ்வொரு வண்டியிலும் சாம்பிள் எடுப்பது என் வேலை. கடைசி வண்டிக்குப் போனபோது கேபினுக்குள் ஒரு பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த லாரியில் எல்லாமே சாம்பல் நிறம். அது மட்டும் பளிச்சென்று இருந்தது.

"என்னண்ணா, யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் போன வருசமே ஆயிடுச்சும்மா. இன்னிக்கு எம் பொண்ணுக்கு வளைகாப்பு. ஒரே பொண்ணு. சேலையூர்ல, நம்ம வூட்லதான். ஒன்பதரைலேர்ந்து பத்தரைக்குள்ள. அப்பால ராகுகாலம்."

மணி எட்டைத் தாண்டியிருந்தது. சேலையூர் அங்கிருந்து அரை மணி தூரம்தான். "அப்போ கிளம்புங்க! வண்டி எங்கேயும் ஓடிடாது. ஒரு ஆட்டோ பிடிச்சா போயிடலாமே?" என்றேன்.

அவர் சிரித்தார். அப்போதுதான் அந்த வேலையின் சங்கதி எனக்குத் தெரிந்தது. மாதச் சம்பளம் பேருக்குத்தான். குடும்பம் ஓடுவது ட்ரிப் பேட்டாவில். லோடு இறங்கினால்தான் ட்ரிப் முடிந்த கணக்கு. அரை நாள் நின்றாலும் ஒரு நாள் நின்றாலும், காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. முன்பெல்லாம் துணைக்குக் கிளீனர் வருவாராம். செலவைக் குறைக்க அதையும் எடுத்துவிட்டார்கள். லோடோடு வண்டியை விட்டுவிட்டு டிரைவர் ப்ளாண்ட்டுக்கு வெளியே கால் வைத்தால், அந்த ட்ரிப் பேட்டா போச்சு. அடுத்த ட்ரிப் கிடைப்பதும் முதலாளி மனசு.

"எட்டு மணிக்குள்ள இறக்கிட்டு ஓடிடலாம்னு ராவெல்லாம் ஓட்டினு வந்தேன். இப்பப் பாரு, வூட்டு வாசல் வரைக்கும் வந்து சிக்கிக்கினேன். பேஜாரா கீது."

எனக்குக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. முதலில் ப்ளாண்ட் மேனேஜரிடம் ஓடினேன். "சைலோவுல இடம் இல்லைம்மா. நான் கையெழுத்துப் போட்டா இடம் வந்துடுமா?" என்றார். நியாயம்தான். கீழ்க்கட்டளை சைட்டுக்குப் போன் போட்டேன். மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்களாம், பத்து மணிக்கு முன்னால் பேச்சே இல்லையாம்.

திரும்பி வந்தால், அதற்குள் சேதி வரிசை முழுக்கப் பரவியிருந்தது. முதலில் நின்ற வண்டியின் டிரைவர் விழுப்புரத்துக்காரர், நெடுநெடுவென்று உயரம். அவர் தன் வண்டியை ஓரம்கட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்தவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்க, கடைசி பல்கர் முதலிடத்துக்கு வந்தது. ஒரு இடம் விடுவது என்றால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்பது. அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஏய், வேணாம்ப்பா, உங்க பொழப்பும்..." என்றார் வளைகாப்பு அண்ணன்.

"அட போண்ணே! எப்படியும் நிக்கத்தான் போறோம். முன்னாடி நின்னா என்ன, பின்னாடி நின்னா என்ன? வெயிலு ஒண்ணுதான்" என்றார் விழுப்புரத்துக்காரர்.

ஆனால் முதலில் நின்றும் பயனில்லை, குதிரில் இடம் வரவேண்டுமே. வேறு வழியில்லாமல் அந்த அண்ணன் தன் வீட்டுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மனைவியின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னாய்யா, கெளம்பிட்டியா?"

"இல்லடி. இன்னும் எறக்கல. நீங்க நடத்திடுங்க. நான் சாயங்காலமா வந்து..."

 அந்த அக்கா குறுக்கிட்டார்:

"அவ நிச்சயத்துக்கு நீ ரோட்ல நின்ன. அவ பரீட்சை பாஸ் பண்ணப்போ ரோட்ல நின்ன. இன்னிக்கும் நிப்பியா? உன்னால வர முடியலன்னா நாங்க வர்றோம். அந்த சிமெண்ட் டப்பா எங்க நிக்குதுன்னு சொல்லு!"

அவர் பதில் சொல்வதற்குள் நான் போனைப் பிடுங்கி வழி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், மேனேஜரிடம் இன்னும் கேட்கவில்லையே என்று உறைத்தது.

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்ன கல்யாண மண்டபமா?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "கர்ப்பிணிப் பொண்ணு தூசியில நிக்கக் கூடாது. ட்ரெயினிங் ரூம்ல ஏசி போடச் சொல்லு. ஆனா ஒண்ணு, ஹெல்மெட், ஜாக்கெட் போடாம ஒருத்தரும் யார்டைக் கடக்கக் கூடாது. மாமியாரே வந்தாலும் சரி."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். தண்ணீர் லாரியை அனுப்பி, கேட்டிலிருந்து ட்ரெயினிங் ரூம் வரை தூசி அடங்கத் தெளிக்கச் சொன்னேன். டிரைவர்கள் சேர் துடைத்தார்கள். யாரோ சாலையோரத்திலிருந்து வேப்பிலைக் கொத்து ஒடித்துவந்து, தார்ப்பாய்க் கயிற்றில் கட்டித் தோரணம் தொங்கவிட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு வேன் வந்தது. பட்டுப்புடவைகள், தாம்பாளங்கள், வளையல் பெட்டி, வாளி வாளியாகக் கலந்த சாதம். ஒவ்வொருவர் தலையிலும் நான் மஞ்சள் ஹெல்மெட்டை வைத்தேன். கர்ப்பிணிப் பெண், பின்னல் நிறைய மல்லிகையைத் தொங்கவிட்டு, மேலே ஹெல்மெட்டோடு ராணி மாதிரி நடந்து வந்தாள். அவளுடைய மாமியார் மட்டும் முகத்தைச் சுளித்தபடி, "லாரி ஷெட்டுல வளைகாப்பு, உலகத்துல எங்கியாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"இருக்காதும்மா. முதல் வளைகாப்பே உங்க மருமகளோடதுதான்" என்றார் விழுப்புரத்துக்காரர். அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வந்ததும் அந்த மாமியார் என்னிடம் ரகசியமாகக் கேட்டது, பாத்ரூம் எங்கே என்று. ஸ்டாஃப் பாத்ரூம் சாவியை ஓடிப்போய் எடுத்துவந்து திறந்துவிட்டேன். பின்னால் ஒரு டிரைவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "மச்சான், இங்க பாத்ரூம் கீதுடா! இத்தினி வருசமா நமக்குத் தெரியாமப் போச்சே!" எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணன் குளித்து, பட்டு வேட்டியில் வந்து நின்றார். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டார்கள். கடைசியில் அவர் மனைவி, "நீயும் சந்தனம் வை" என்றார். அவர் கிண்ணத்தருகே போய்விட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சிமெண்டில் வெடித்த விரல்கள். எத்தனை தேங்காயெண்ணெய் தேய்த்தாலும் சொரசொரப்புப் போகாத கை.

"குத்தும்மா" என்றார்.

மகள் அந்தக் கையைப் பிடித்துத் தானே கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கையாலதானப்பா சோறு ஊட்டுவ? அப்பல்லாம் குத்தலையா?"

 அவர் ஒரு வளையலை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கையில் ஏற்றத் தொடங்கினார்.

வாசலிலிருந்து குரல் வந்தது: "அண்ணே, பார்த்து! ஓஸ் மாட்டற மாதிரி முறுக்கிடாத!"

சிரிப்பில் அறையே அதிர்ந்தது. அதே நேரம் என் போன் அடித்தது. கீழ்க்கட்டளை சைட். தண்ணீர் இறைத்தாயிற்று, கான்கிரீட் அனுப்பலாம்! நான் கத்திய கத்தலில் பாதிப் பேர் பயந்துபோனார்கள். மிக்ஸர் ஓட ஆரம்பித்தது, குதிர் இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில், லோடு இறக்க அண்ணன் எழுந்திருக்கப் போனார்.

"நீ உக்காருண்ணே. உன் வண்டிக்கு ஓஸ் நான் மாட்டிட்டேன்" என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார் விழுப்புரத்துக்காரர். அடுத்த நிமிடம் கம்ப்ரஸர் தடதடவென்று முழங்கியது. "மேளம் இல்லையேன்னு நெனச்சேன், வந்துடுச்சு!" என்றார் அந்த மாமியார். ராகுகாலம் பிறப்பதற்குள் ஆரத்தி முடிந்தது.

புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களும் ஆய்வுக்கூட நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேனேஜரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை புளியோதரை வாங்கிக்கொண்டார். லோடு இறங்கியது. காலி வண்டியை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் அதை அங்கேயே நிறுத்திவிட்டு, அண்ணன் மகள் பக்கத்தில் வேனில் ஏறிப் போனார்.

அடுத்த வாரம் ஸ்டாஃப் பாத்ரூமில் பூட்டு இல்லை. ட்ரெயினிங் ரூமுக்குப் பக்கத்தில் டிரைவர்களுக்கென்று மின்விசிறியும் கட்டிலும் போட்ட ஓர் அறை வந்தது. நான் மேனேஜரை நச்சரித்து இன்னொன்றும் வாங்கினேன்: சைலோவில் இடம் இருக்கிறதா என்று தினமும் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நானே தகவல் போடுகிறேன். அரியலூரிலிருந்து கிளம்புமுன் பார்த்துக்கொள்கிறார்கள். காத்திருப்புக்குப் பேட்டா மட்டும் லாரி முதலாளிகள் இன்னும் தரவில்லை. எங்கள் மேனேஜரைக் கொண்டே அவர்களிடம் பேசவைத்துக்கொண்டிருக்கிறேன். விடப்போவதில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் ப்ளாண்ட் முழுக்க லட்டு கொடுத்தார். வளைகாப்பில் எனக்குப் போட்ட பச்சைக் கண்ணாடி வளையல், லேபில் போடக் கூடாது என்பதால், என் மேஜையில் பேனா வைக்கும் டப்பாவின் கழுத்தில் கிடக்கிறது. இப்போதெல்லாம் காலையில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது பல்கர் ஏதாவது காத்து நின்றால், கேபினுக்குள் பட்டு வேட்டி தொங்குகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.