கோடு விழும் டிவி

சிறுவயதில் எங்கள் சொந்தத்தில் வெண்ணந்தூர் பெரியப்பா வீட்டில்தான் வீடியோ கேம் இருந்தது. அவர் மகன் மணி அண்ணன் விளையாடுவார். திரையில் கோடு விழும்போதெல்லாம் டிவியின் தலையில் தட்டுவது என் வேலை.

ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தட்டினேன். ஜாய்ஸ்டிக் ஒருநாளும் என் கைக்கு வரவில்லை. இதை நான் மறக்கவில்லை.

இப்போது அதே விளையாட்டைக் கணினி வழியாக என் புது டிவியில் விளையாடுகிறேன். பழைய டிவியின் கோடுகள், கசியும் நிறம், உப்பிய முகம் எல்லாம் அப்படியே வர, மூன்று வாரம் உட்கார்ந்து நிரல் எழுதினேன். ஒரு பட்டனை அழுத்தினால் கோடு வரும், மறுபடி அழுத்தினால் போகும்.

"நல்லாயிருக்கற டிவிய எதுக்குங்க கெடுக்கறீங்க?" என்றாள் மனைவி.

இன்று மணி அண்ணன் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு அம்மாபேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் விளையாடிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா, புது டிவியிலயுமா கோடு உழுகுது?"

எழுந்து போய் டிவியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். நான் சத்தமில்லாமல் பட்டனை அழுத்தினேன். படம் பளிச்சென்று ஆனது.

"பாத்தியா! அண்ணன் கை பட்டாப் போதும்."

"ஆமாங்கண்ணா. அங்கயே நில்லுங்க, மறுபடியும் வந்துரும்."

வந்தது. ஏழு முறை வந்தது, ஏழு முறையும் தட்டினார். அவர் காபி ஆறிப்போனது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் இத்தனை நிம்மதியாக என்றுமே விளையாடியதில்லை.

கிளம்பும்போது, "இனி கோடு உழுந்தா போன் பண்ணு சாமி, வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.