பாதியில் நின்ற டிரெய்லர்

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு பழைய டிராக்டரோடு வந்து நின்றார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் யாரோ உழுது சலித்துத் தள்ளிவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் டிராக்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. பேட்டரியில்தான் உயிர் இல்லை. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். அதனால் எப்போதும் குளத்துக்கரைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவார். காலையில் டயருக்கு அடியில் இருக்கும் கல்லை எடுத்தால் வண்டி உருளும், கியரைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் சரிவு தேடி அலைவார்கள்.

வானம் பார்த்த பூமியில் உழவு எத்தனை நாளைக்கு இருக்கும்? கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி உரமாக வயலில் கொட்டுவார்கள், அதில் தொடர்ந்து வேலை உண்டு. ஆனால் மண்ணைத் தானாகச் சாய்த்துக் கொட்டுகிற டிரெய்லர் வேண்டும். மம்பட்டியால் இறக்கும் வண்டியை யாரும் சீந்துவதில்லை. குருவிகுளம் பக்கம் ஒரு பெரிய விவசாயி, அப்படி டிரெய்லரோடு வந்தால் கோடை முழுக்க உனக்குத்தான் வேலை என்று சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம் நாத்தனார் வீட்டுக்காரர் துபாயிலிருந்து டிரைவர் வேலைக்கு விசா அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லோரும் போ போ என்றார்கள். எனக்கு அனுப்ப மனசே இல்லை.

"டிரெய்லர் தூக்கிட்டுன்னா நான் எங்கயும் போகல ஏட்டி" என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதம் நடமாடினேன்.

பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்தார். டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்க இரண்டு இரும்புக் கைகள் உண்டு. அவற்றைத் தூக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். அந்த எண்ணெயை வெளியே எடுத்து, டிரெய்லருக்கு அடியில் இருந்து அதைத் தூக்குகிற ஜாக்குக்குக் கொண்டுபோக வேண்டும். புளியங்குடி ரோட்டு லேத் பட்டறைக்காரர் மேல்மூடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் மரை வெட்டி, குழாய் செருக ஒரு நிப்பிள் மாட்டினார். அதிலிருந்து ஜாக்குக்குத் தடித்த ரப்பர் குழாய். எண்ணெய் இரும்புக் கைகளைத் தூக்கப் போய்விடாமல் இருக்க, அவற்றைச் சங்கிலி போட்டு இறுக்கினார்கள். காலையில் கரைச் சரிவிலேயே அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார் என் வீட்டுக்காரர். கோடு வரை எண்ணெய் இருந்தது. இவ்வளவு பெரிய ஜாக்குக்கு இது பத்துமா, இன்னொரு டின் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். நிறைந்திருப்பதில் மேலும் ஊற்றினால் சீல் பிய்த்துக்கொள்ளும் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் அப்படிச் சட்டென்று மூடுகிற வாய் அல்ல.

வண்டியை உருட்டிக் கிளப்பி, மண் ஏற்றி, லிவரை இழுத்தார். டிரெய்லர் மெல்ல எழுந்தது. பாதி உயரம் போனதும் உதற ஆரம்பித்தது, பிறகு நின்றேவிட்டது. இறக்கி மறுபடி தூக்கினார், மறுபடியும் அதே பாதி. பம்பு தேய்ந்துபோயிருக்கும், புதுசுக்கு மெட்ராஸில் சொல்லிவைக்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பாதி சாய்ந்த டிரெய்லரில் ஏறி, என் வீட்டுக்காரரே மம்பட்டியால் மண்ணைத் தள்ளினார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஊரில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம், துபாய் போகப் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார்.

அவர் அனுப்பிய முதல் பணத்தில் புது பேட்டரி வாங்கினேன். வண்டி ஓட்டப் புளியங்குடியிலிருந்து ஓர் அண்ணாச்சியை வைத்தேன். சாவியிலேயே வண்டி கிளம்பியதால் அவர் வீட்டு வாசலில், சமதரையில் நிறுத்தினார். மறுநாள் குச்சியை உருவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நுனியில் மட்டும்தான் ஈரம். சரிவில் நிற்கும்போது எண்ணெயெல்லாம் குச்சி இருக்கும் முன்பக்கம் ஓடிவந்து நிறைந்தாற்போலக் காட்டியிருக்கிறது. கலப்பை தூக்க இருந்தது போதும், ஜாக்குக்குப் போதவில்லை. இரண்டு டின் ஊற்றி லிவரை இழுத்தார். டிரெய்லர் எழுந்தது, பாதியைத் தாண்டியது, முழுசாக நிமிர்ந்து நின்றது. மண் ஒரே சரிவாக இறங்கிவிட்டது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். இரண்டு டின் எண்ணெய்க்கா மனுஷனைக் கடல் தாண்டி அனுப்பினேன் என்று ஆற்றாமையாக இருந்தது.

அன்றே துபாய்க்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வருஷ ஒப்பந்தம், பாஸ்போர்ட் முதலாளி கையில். வர முடியாத மனுஷனிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஏங்கித்தான் போவார் என்று கிழித்துவிட்டேன். வண்டி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். இருக்கிறது என்று எழுதுவேன். கோடையில் கரம்பை அடிக்க வண்டி போகும்போதெல்லாம், அந்தச் சீட்டில் அவர் முதுகைத் தேடுவேன். வேலை நிறைய வந்தது. அவர்தான் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். வந்த மறுநாளே டிரெய்லர் முழுசாகத் தூக்குவதைப் பார்த்துவிட்டார். எப்போது சரியானது என்று கேட்டார். நீங்கள் போன மூன்றாம் மாதம் என்றேன். எண்ணெய் விஷயத்தையும் சொன்னேன். குச்சியை உருவிப் பார்த்துக்கொண்டே, ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

"எழுதியிருந்தா மட்டும் ஒங்களால வந்திருக்க முடியுமா?" என்றேன்.

"வந்திருக்க முடியாதுதான். ஆனா ரெண்டு வருசமும், ஊர்ல நமக்கு ஒண்ணும் சரிப்படாதுன்னு நெனச்சுல்லா அங்கன கெடந்தேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."