பத்துக்குப் பத்தும் தப்பு

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்? உன் பாட்டிக் கிழவி எப்போது அசிங்கப்பட்டாள் என்று கேட்க அவ்வளவு ஆசையா? வகுப்பில் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பொத்தானைக் கொடுத்தாயாம். அமுக்கினால் யாருக்குப் பாடம் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று திரையில் தெரிகிறதாம். பெரிய டீச்சர்தான் போ! எங்கள் டீச்சருக்கு அதற்கு, செருப்பு வாங்கினால் வருமே, அந்தச் சப்பாத்துப் பெட்டி போதும். போய்க் கோப்பி கலக்கிக்கொண்டு வா, சொல்கிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். மலாக்காவில், காஜா பேராங்கில் வரிசை வீட்டில் குடியிருந்தோம். பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். மதியம் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அவர்கள் பெஞ்சில் நாங்கள். உட்கார்ந்தால் முட்டி நாடியில் இடிக்கும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தவள் என்று வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் பள்ளிக்கூடம் போனது மூன்றே நாள். பக்கத்து வீட்டுக்காரி வகுப்புக்குக் கிளம்பியபோது, “உனக்குத் துணைக்கு வர்றேன்டி, எனக்கெதுக்குப் பாடம்?” என்று பெரிய மனுஷி மாதிரி கூடவே போனேன்.

ஏன் போனேன் என்பது என் ரவிக்கைக்குள் இருந்தது. அம்மாவின் கடிதம். அம்மா தம்பின் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தாள். நானே பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்ததில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை, எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட. திடீரென்று ஒருநாள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி எழுதவைத்து, தெரிந்த ஆள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். என் வீட்டுக்காரருக்கும் கட்டைவிரல் ரேகைதான். வரிசையில் யாரையாவது படிக்கச் சொன்னால் என் மூன்றாம் வகுப்பு நாறிப்போகும். அம்மா கண்டபடி திட்டியிருந்தால் அதுவும் ஊருக்குத் தெரியும். நேரே போகலாம் என்றால் வாசலிலேயே நிறுத்தித் துரத்திவிடுவாளோ என்று பயம். ஒட்டிய உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

டீச்சர் சின்னப் பெண், என்னைவிட இளையவள். சப்பாத்துப் பெட்டிகளை வெட்டி ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். ஒரு பக்கம் வெள்ளைத் தாள், மறுபக்கம் சீனர் கடையில் வாங்கி ஒட்டிய சிவப்புத் தாள். பலகையில் ஒரு சொல் எழுதி, “இது கடை. சரியா, தப்பா?” என்பாள். சரியென்றால் வெள்ளை, தப்பென்றால் சிவப்பு அவளுக்குத் தெரிகிற மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒரு பார்வையில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கணக்கெடுத்துவிடுவாள்.

நான் விடுவேனா? பக்கத்து வீட்டுக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் அட்டையில் எந்த நிறம் தெரிகிறதோ அதையே தூக்கினேன். டீச்சர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவாள். ‘கெட்டிக்காரிடி நீ’ என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு வாரம் போனது. ஒருநாள் எல்லோரும் போன பிறகு டீச்சர் என்னை நிறுத்தினாள்.

“அக்கா, ஒண்ணும் தெரியாம குருட்டாம்போக்குல தூக்கினாலே பத்துல அஞ்சு சரியா வரும். உங்களுக்குப் பத்துக்குப் பத்தும் தப்பு. அது எப்படிக்கா?”

“என் ராசி அப்படி, டீச்சர்.”

“முன்னால இருக்கிறவங்க தப்பு பண்ற அன்னைக்கு மட்டும் நீங்க சரி!”

சொல்லிவிட்டு ஓர் அட்டையை எடுத்து எனக்கு முதுகைக் காட்டித் தூக்கிப் பிடித்தாள். பலகைப் பக்கம் வெள்ளை. என் பக்கம் சிவப்பு. அட பாவி மகளே! இத்தனை நாளும் அட்டையின் பின்பக்கத்தையல்லவா காப்பியடித்திருக்கிறேன்! சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், பார்த்தால் அழுகிறேன்.

கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “படிங்க. ஆனா வாயைத் திறக்காதீங்க. அம்மா திட்டியிருந்தா சிவப்பைத் தூக்குங்க. இல்லன்னா வெள்ளை.”

உறையைப் பிரித்தாள். மெதுவாகப் படித்து முடித்து, அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். இந்த முறை நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளை.

“மிச்சத்தையும் சொல்லிடுங்களேன்.”

“அவசரமா ஒண்ணும் இல்லக்கா. எட்டே வரி. நீங்களே படிங்க. உங்கம்மா உங்களுக்குத்தானே சொல்லியிருக்காங்க, எனக்கு இல்லையே.”

மனதுக்குள் அவளை நன்றாகத் திட்டினேன். மறுநாள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பார்க்க முன்னால் முதுகே இல்லை. தெரியாத சொல்லுக்கு அட்டையை மடியில் வைத்துவிட்டு வெறுங்கையைத் தூக்கி, தெரியாது என்றே காட்டினேன். பத்தில் ஆறு வந்தது, ஏழு வந்தது. ஏழு வந்த அன்று டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நான் யாருக்கும் தரமாட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து விரலை வைத்து வைத்து எட்டு வரியையும் படித்தேன். கடைசி வரி இதுதான்: ‘சாவி ஆட்டுக்கல்லுக்குக் கீழதான் இருக்கு. நான் வேலைக்காட்டுக்குப் போயிருந்தாலும் திறந்து உள்ள போ.’

மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினேன். வரிசையே வாசலுக்கு வந்து, எங்கே, எதற்கு என்று கேட்டது. அம்மாவை விடவும் இவர்களுக்குத்தான் அதிகம் பயந்திருந்தேன். ஆனால் தெரியாது என்று காட்டிப் பழகிய கைக்கு அப்புறம் எதையும் மறைக்கத் தோன்றவில்லை. இன்றுவரை அப்படித்தான். அவர்களிடம் சொன்னேன்: “எங்கம்மா வரச் சொல்லி எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுடி, நேத்துத்தான் தெரிஞ்சுது.”