அம்புலன்ஸில் நான் நடத்திய பாடம்

பயிற்சி முடித்து அம்புலன்ஸில் ஏறி இரண்டாவது கிழமை. படித்ததெல்லாம் வாயில் துள்ளிக்கொண்டிருந்தது. சாரதி நஸீர் நானா என்னைப் "புரொபெசர்" என்றுதான் கூப்பிடுவார்.

காலை பத்து மணிக்குக் கட்டைபறிச்சானிலிருந்து அழைப்பு. வேலாயுதம், அறுபது வயது, நீரிழிவுக்காரர். வாய் கோணி, வலக்கை விழுந்து, பேச்சில்லாமல் கிடந்தார். ஸ்ட்ரோக். விரலில் குத்திப் பார்த்தேன். சீனி மிகக் கூட. ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் புறப்பட்டோம். மனைவி பூமணி அம்மா அவருடைய காலைப் பிடித்தபடி இருந்தார்.

"தம்பி, மூளைக்குள்ள என்ன நடக்குது?"

எனக்கு அது போதும். "ரத்தக்குழாய் அடைச்சிட்டுது அம்மா. ஒட்சிசன் போகேல்ல. அது இல்லாம செல்லுகள் சீனிய எரிக்கேக்க லக்டிக் அசிட் உண்டாகும். ரத்தம் ஓடினா அதைக் கழுவிக்கொண்டு போகும். இப்ப ஓட்டமில்ல, அங்கேயே தேங்குது. செல்லுகள் வீங்கிச் சாகும்."

"புரொபெசர், லெக்சர் போதும். ஆளைப் பாருங்க," என்றார் நானா.

நான் நிறுத்தவில்லை. "ரத்தத்தில சீனி கூடினா அசிட்டும் கூடும் அம்மா."

பூமணி அம்மாவின் பிடி கணவரின் காலை விட்டது. "நான் சீனித்தண்ணி குடுத்தனான் தம்பி. ஒரு கோப்பை. போன மாசம் சீனி வருத்தக் குளிசை போட்டிட்டுச் சாப்பிடாம மயங்கினவர். அப்ப அதுதான் எழுப்பினது. இண்டைக்கும் அப்பிடித்தான் எண்டு..."

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு விழுந்தவர்?" நேரம் தெரிந்தால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று பார்க்க முடியும். வழி முழுக்கப் பேசிய நான் அதைக் கேட்கவேயில்லை. பூமணி அம்மாவிடம் கேட்டார்கள். "சீனித்தண்ணி குடுத்தனான்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறொன்றும் வரவில்லை. நேரம் தெரியாததால் ஊசி போடவில்லை. மூன்றாம் நாள் வேலாயுதம் இறந்தார்.

செத்தவீட்டுக்குப் போனேன். "அடைச்சது ரத்தக்கட்டி அம்மா. சீனித்தண்ணி அதை உண்டாக்கேல்ல. ஒரு கோப்பையாலதான் போனவர் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது."

"அண்டைக்குப் படிச்சதைச் சொன்னீங்கள். இண்டைக்கு என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்கள்," என்றார். கோபமில்லை.

நான் சொன்ன இரண்டுமே படித்ததுதான். அவர் நம்பவில்லை.

புதிதாக வண்டியில் ஏறுகிறவர்களுக்கு: முதலில் நேரத்தைக் கேளுங்கள், எழுதுங்கள். பாடம் பிறகு.

நேரம் கேட்க மறந்ததைப் பூமணி அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அவர் சுமப்பதில் பாதியாவது என் பக்கம் வந்திருக்கும்.